நரிவால் ஆர்க்கிட், நிறம்பல்லி: நேர்ல பாத்தவங்க எழுதுங்க

குமுளிக்காரன்:
தேக்கடிக் காட்டுக்குள்ள பாத்தது, இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. கூட வந்த வழிகாட்டி அண்ணன் கீழ கிடந்த ஒரு இலையை எடுத்து வெயிலுக்கு நேரா புடிச்சுப் பாருங்கன்னாரு. நடு நரம்பே இல்ல! காம்புல இருந்து நுனி வரைக்கும் மெல்லிசா கோடு கோடா ஓடுது. நிறம்பல்லியாம், அறிவியல் பேரு நாகெயா வாலிச்சியானா, பைனுக்குத் தூரத்துச் சொந்தம், மேற்குத் தொடர்ச்சி மலையில தானா வளர்ற ஒரே ஊசியிலை மரம், ஆனா இலை என்னவோ அகலம். பக்கத்து மரத்துல ஒட்டி வளர்ற நரிவால் ஆர்க்கிட் கொத்து தொங்குது, அது இலையில நடுவுல மடிப்பு இருக்கு, ஆனா கோடு அதே நீளவாக்குலதான். ரெண்டும் சொந்தமோ?

எஸ்டேட் செல்வி:
சொந்தமெல்லாம் இல்ல தம்பி. நிறம்பல்லிக்குப் பூவே கிடையாது, மகரந்தம் காத்துல போகும், ஆண் மரம் வேற பெண் மரம் வேற. ஆர்க்கிட் மகரந்தத்தை உருண்டையாக்கி பூச்சி மேல ஒட்டி அனுப்பிடும். எங்க லயத்துக்குப் பின்னால சில்வர் ஓக் மரத்துல ஒரு நரிவால் இருக்கு. மழை விழுந்ததும் வெளிய தெரியற அதோட சாம்பல் வேர் கண்ணு முன்னாடியே பச்சையாச்சு, கொழுந்துக் கூடையை இறக்கிட்டு நின்னுட்டேன், கங்காணி கத்துனது காதுலயே விழல.

போடிமெட்டு:
ஒரே ஊசியிலை மரம்னு எப்படி சொல்றீங்க? வாகமண்ல பைன் காடே இருக்கு. நம்ம சவுக்கு?

குமுளிக்காரன்:
வாகமண்ல இருக்கறது நட்ட காடு சார். தானா வளர்றன்னுதான எழுதினேன். சவுக்கு பூக்குற மரம், ஊசி மாதிரி தெரியறது அதோட கிளை.

பெரியாறு பாண்டி:
நரிவால் காய் வெடிச்சு விதை மாவு மாதிரி பறந்ததை நானும் பாத்தேன். அத விடுங்க. ஆர்க்கிட் வளக்குறவங்க மண்ணுல நடாதீங்க, வேர் அழுகிடும். மாங்கட்டையில தேங்காநார் வெச்சுக் கட்டுங்க, பைன் கட்டை வேணாம், பட்டை உரிஞ்சுடும். விதை தூவியும் பிரயோஜனமில்ல, விதைக்குள்ள சாப்பாடு கிடையாது, கூட ஒரு பூஞ்சை சேர்ந்தாதான் முளைக்கும். காட்டுல இருந்து பிடுங்கிட்டு வராதீங்க, கேஸ் ஆயிடும், நர்சரியில வாங்குங்க. நிறம்பல்லிக் கன்னு கிடைச்சா ஒண்ண மட்டும் நட்டுட்டு விதை வரலியேன்னு உக்காந்திருக்காதீங்க, ஜோடி வேணும்.

எஸ்டேட் செல்வி:
அண்ணே, வளக்குறதப் பத்தி இங்க யாரு கேட்டா?