பக்கத்து வீட்டில் 1.8, எங்கள் வீட்டில் 11.4: ரேடான் இவ்வளவு மாறுமா?

நிலா_மோரிஸ்:
நியூஜெர்சி, மோரிஸ் கவுண்டியில் பேஸ்மென்ட் உள்ள பழைய வீடு. தரை காங்கிரீட், சுவர் ஹாலோ பிளாக். மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடானை அளக்கும் கரி டப்பாவை வைத்து நான்கு நாள் பார்த்ததில் பேஸ்மென்டில் லிட்டருக்கு 11.4 பிகோகியூரி (கதிரியக்க அலகு). ஒட்டியுள்ள வீட்டில் 1.8தான். இரண்டும் ஒரே பாறைமேல்தானே நிற்கின்றன? சமையலறை கிரானைட் மேடை காரணமா? தரை விரிசல்களை அடைத்துவிட்டால் போதுமா?

பாறைப்பித்தன்:
மேடையை மறந்துவிடுங்கள். அதிலிருந்து வருவது மிகக் குறைவு. உங்களுக்கு வருவது தரைக்கு அடியிலிருந்து.

உங்கள் கவுண்டியின் வடமேற்குப் பக்கம் ரீடிங் புரோங் எனும் பட்டையில் இருக்கிறது. பென்சில்வேனியாவிலிருந்து நியூயார்க் வரை ஓடும் பழைய நைஸ் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை), கிரானைட் பாறைகள் அவை. ஆனால் "ஒரே பாறை" என்பதை நம்ப வேண்டாம். அந்தப் பட்டைக்குள்ளேயே பாறை நசுங்கி அரைபட்ட வெட்டுமண்டலங்கள் உண்டு. அங்கே யுரேனியம் சேர்ந்திருக்கும். அது சிதைந்து ரேடியமாகும், ரேடியம் சிதைந்து ரேடானாகும். துகள்கள் நொறுங்கியிருப்பதால் ரேடியம் அவற்றின் மேற்பரப்பில் இருக்கும். பிறக்கும் ரேடான் எளிதில் வெளியேறும். வாயு ஏறிவர வழியும் அங்கேயே இருக்கும். சில அடி தள்ளி இருக்கும் வீட்டுக்கு இந்த மூன்றும் இல்லாமல் போகலாம்.

1984 டிசம்பரில் தெரியவந்த, அணுமின் நிலைய ஊழியர் ஸ்டான்லி வாட்ராஸ் வீட்டு நிலவரம் இதற்குச் சரியான உதாரணம். பென்சில்வேனியாவின் பாயர்டவுன் அருகே அவர் வீட்டில் ஏறத்தாழ 2,700 பிகோகியூரி. அருகிலிருந்த வீடுகள் சிலவற்றில் மிகக் குறைவு.

யுரேனியம் மட்டும் கணக்கல்ல, காலமும் கணக்கு. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள். ஈரக் களிமண்ணில் அது நகர்வதற்குள் சிதைந்துவிடும். தளர்ந்த சரளையில் விறுவிறுவென்று வந்துவிடும். பின்லாந்தின் தம்பெரே நகரில் பிஸ்பாலா என்றொரு சரளை மேடு. குளிர்காலத்தில் மேட்டுக்குள் உள்ள வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து உச்சியில் உள்ள வீடுகளில் ரேடானை ஏற்றுகிறது. கோடையில் அதே மண்காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து கனத்துக் கீழிறங்குவதால், சரிவின் அடியில் உள்ள வீடுகளில் அளவு ஏறுகிறது. ஒரே மேடு, இரண்டு பருவம், இரண்டு விதமான வீடுகள்!

தரைத்துளை:
விரிசலை அடைப்பது தேவைதான், தனியாகப் போதாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலேறுவதால் பேஸ்மென்டில் சில பாஸ்கல் அழுத்தம் குறைகிறது. மண்வாயுவை இழுக்க அதுவே போதும். ஒரு விரிசலை அடைத்தால் இன்னொன்றில் வரும். உங்கள் வீட்டில் ஹாலோ பிளாக்கின் திறந்த தலை, சுவரும் தரையும் சேரும் இடுக்கு, ஸம்ப் குழியின் (தரைக்கு அடியில் ஊறும் நீர் சேரும் குழி) மூடி ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

முதலில் உறுதிசெய்யுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு (EPA) வீட்டைச் சரிசெய்யச் சொல்லும் அளவு 4. அதைப் போல் இரு மடங்குக்கு மேல் வந்திருப்பதால் நீண்டகாலச் சோதனைக்குக் காத்திராமல் இன்னொரு குறுகியகாலச் சோதனை உடனே வையுங்கள். 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். இரண்டின் சராசரி 4 அல்லது அதற்கு மேல் என்றால், தரைக்கு அடியில் உள்ள மண்வாயுவைக் குழாயும் ஃபேனும் வைத்து உறிஞ்சி வீட்டுக்கு வெளியே விடும் அமைப்பு வேண்டும்.

ஃபேன் வாங்கும் முன் மண்ணைக் கேளுங்கள். குழாய் வரப்போகும் இடத்தில் ஒன்றரை அங்குலத் துளை போட்டு ஷாப் வேக்குவம் வையுங்கள். அதன் வெளியேற்றுக் குழாய் கட்டாயம் வீட்டுக்கு வெளியே போக வேண்டும், ஏனெனில் அதில் வருவது மண்வாயு. எதிர் மூலைகளில் கால் அங்குல அளவில் சின்னத் துளைகள் போட்டுப் புகைக்குச்சி காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டால் உறிஞ்சல் அங்கே எட்டுகிறது. இழுபடாமல் மேலே வந்தால் அடியில் இறுகிய களிமண் இருக்கலாம். அதிக உறிஞ்சல் தரும் ஃபேன் அல்லது இரண்டாவது துளை தேவை. சரளையோ உடைந்த பாறையோ என்றால் காற்றோட்டம் அதிகமுள்ள ஃபேன்.

பிறகு துளையை அகலப்படுத்தி, அடியிலிருந்து ஐந்து கேலன் வாளி நிறைய மண்ணை எடுத்துக் குழி செய்து, 4 அங்குல பிவிசி குழாயை இறக்குங்கள்.

ஃபேனைப் பேஸ்மென்டில் மாட்டுவதுதான் பெரிய தவறு. ஃபேனுக்கு மேலுள்ள குழாயில் அழுத்தம் கூடும், ஒரு மூட்டு கசிந்தாலும் ரேடான் வீட்டுக்குள்ளேயே கொட்டும். பரண் அல்லது வெளிச்சுவர்தான் சரியான இடம். படுக்கையாகப் போகும் குழாய்க்குக் குழிப்பக்கம் சரிவு கொடுக்காவிட்டால் நீர் தேங்கி அடைக்கும். விரிசல்களை மூடாமல் பெரிய ஃபேன் போட்டால் வீட்டுக் காற்றையே இழுத்து, கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகையைத் திரும்ப உள்ளே கொண்டுவரலாம். அது உயிருக்கே ஆபத்து.

நியூஜெர்சியில் கட்டணத்துக்கு இந்த வேலை செய்பவருக்கு மாநிலச் சான்று கட்டாயம், கேட்டு வாங்குங்கள்.

நிலா_மோரிஸ்:
நன்றி. எங்கள் தண்ணீர் போர்வெல். அதையும் பார்க்கணுமா?

பாறைப்பித்தன்:
பாருங்கள், ஆனால் வீட்டுக் காற்றைச் சரிசெய்த பிறகு. தண்ணீரில் லிட்டருக்கு 10,000 பிகோகியூரி இருந்தால் வீட்டுக் காற்றில் லிட்டருக்குச் சுமார் 1 பிகோகியூரிதான் கூடும். குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் வெளிவருவது அது. நைஸ் பாறையில் இறக்கிய கிணறென்றால் இதைவிட அதிகமாகவும் இருக்கலாம். ஃபேன் ஓடத் தொடங்கி 24 மணி நேரம் கழித்து, 30 நாளுக்குள் மறுசோதனை செய்யுங்கள். அப்போதும் அளவு இறங்காவிட்டால் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள்.