ஏற்றத்தில் விழுந்த ஆயில் முள்: ஜீப் ஓட்டுகிறவர்களின் அனுபவங்கள்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையை அறிந்தவர்களுக்கு அதன் கற்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்த ஓர் ஏற்றத்தில், என் பழைய டீசல் ஜீப்பின் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் முள் 40 பிஎஸ்ஐயிலிருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. உடனே எஞ்சினை அணைத்தேன். அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டில் இருந்தது. பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, பின்னோக்கிச் சமதளத்துக்கு இறக்கி ஸ்டார்ட் செய்தால், முள் எதுவுமே நடக்காததுபோலப் பழைய இடத்தில் நின்றது.

ஊர் திரும்பி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றினோம். பம்புக்கு ஆயிலைக் கொண்டுபோகும் உறிஞ்சு குழாயின் வலையில், பின்பாதியை மூடியபடி, சிவப்பு சிலிக்கோன் பசை தக்காளித் தோல்போல ஒட்டிக்கிடந்தது. முன்பு சம்புக்கு கேஸ்கெட் மாற்றியவர் அள்ளி அப்பியதில் பிதுங்கி உள்ளே விழுந்த பசை அது. ஏற்றத்தில் ஆயில் பின்னால் ஒதுங்க, திறந்திருந்த முன்பாதி காற்றை உறிஞ்சியிருக்கிறது. அந்தத் தோலை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

* * *

சம்பைக் கழற்றியதில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, எனக்கு இல்லை. குலுங்கும் இடங்களில் மட்டும் ஆயில் விளக்கு எரிந்ததை நம்பி, பம்பையே மாற்றினேன். புதுப் பம்போடு முதல் பள்ளத்தில் இறங்கியதும் விளக்கு மீண்டும் எரிந்தது. அழுத்தம் குறைந்தால் விளக்கை எரியவைக்கும் ஆயில் சுவிட்சுக்குப் போகும் ஒயரின் உறை ஒரு பிராக்கெட்டில் தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டு எர்த் ஆகிக்கொண்டிருந்தது. சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பார்க்காமல் யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்பேன்.

இன்னொன்று: அணைத்த எஞ்சினோடு பின்னோக்கி இறக்கியது பெருந்தவறு. எஞ்சின் ஓடாதபோது, பிரேக்குக்கு உதவும் வேக்குவம் தீர்ந்தால் பிரேக் மிதி கல்லாகிவிடும்.

* * *

கேஜை மாட்டினால் போதும் என்ற மேற்கண்ட கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என் வண்டியில் முள் 50இல் அசையாமல் நின்றது; ஆனாலும் டாப்பெட் சத்தம் நாளுக்கு நாள் கூடியது. மேல்மூடியைத் திறந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டபோது, வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களில் முன்பக்கத்தவை ஆயிலில் மின்ன, கடைசி இரண்டும் காய்ந்திருந்தன. அணைத்துவிட்டு விரலால் தடவினால் கரிப்பொடிதான் வந்தது. ராக்கர் ஷாஃப்டின் உள்வழி கசடால் அடைபட்டிருந்தது. கேஜ் தான் மாட்டப்பட்ட இடத்தின் அழுத்தத்தைத்தான் சொல்லும். அதற்கு அப்பால் ஆயில் போகிறதா என்பதைச் சொல்லாது.

ஆகவே சிலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, சூடான பின் ஐடிலில் மட்டும் அழுத்தம் இறங்கினால் பேரிங் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். குளிரிலும் குறைவென்றால் உறிஞ்சு வலை, பம்ப், திறந்தபடி சிக்கிக்கொண்ட ரிலீஃப் வால்வு (மிகை அழுத்தத்தை வெளியேற்றுவது) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தால் பேரிங் துகள்கள் வெயிலில் மினுங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து டீசல் வாடை வந்தால் ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது. மலை ஏறப் போகிறோமென்று அளவுக்கு மேல் ஆயில் ஊற்றுவதும் வேண்டாம். சுழலும் க்ராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் எந்தப் பேரிங்கையும் தாங்க முடியாது.

* * *

பிரேக்கைப் பற்றிச் சொன்னவருக்கு, கொழுக்குமலை ஏற்றத்தில் நின்றவனின் பதில்: உண்மைதான், மூன்றாவது மிதியிலேயே அது இறுகிவிட்டது. பின்சக்கரத்துக்குக் கல் போட்டுக்கொண்டே வந்தவர் என் மைத்துனர்.