அப்பு வீட்டுக் குறூப், நவம்பர் 1

காலை 5:38
அம்மா: பிள்ளை, பஸ் எடுத்திட்டியே?

டிலானி: ஓம் அம்மா. 776இலை இருக்கிறன். சுண்ணாம்புப் பை காலுக்குள்ளை, மாலை மடியிலை.

அம்மா: சாமான் சரியோ பார். மெழுகுதிரி 4 பெட்டி, செவ்வந்தி மாலை 3, பிறஸ் 2, பாண் 2, வெத்திலை, பக்கத்து வீட்டுப் பொடியனுக்குச் சைக்கிள் ரியூப், பெரியம்மாவின்ரை பிறசர்க் குளிசை.

டிலானி: எல்லாம் கிடக்கு.

5:52
மாமா (ரொறன்ரோ): இஞ்சை இப்ப இரவு எட்டு இருபது. ஹாலோவீன். பிள்ளையள் பேய் வேசம் போட்டுக்கொண்டு கதவைத் தட்டுதுகள், இனிப்புக் குடுத்துக் குடுத்துக் கை நோகுது. பிள்ளை, ஆத்துமாக்கள் திருநாளுக்கு நெடுந்தீவுச் சேமக்காலைக்குப் போனவுடனை படம் எடுத்துப் போடு. அப்புவின்ரையும் எங்கடை அம்மாவின்ரையும் கல்லறைக்குக் கறுப்புக் கிறனைற் போடுறதெண்டு முடிவெடுத்திட்டன். காசைப் பற்றி ஒருத்தரும் யோசிக்க வேண்டாம்.

6:10
அண்ணா (கொழும்பு): காசு சரி மாமா. கல்லு பண்ணை தாண்டி, வேலணை தாண்டி, குறிகட்டுவான் மட்டும் லொறியிலை போகும். அதுக்குப் பிறகு?

மாமா: படகிலை ஏத்துறது.

அண்ணா: நெடுந்தீவு மாவலித்துறையிலை ஆர் இறக்கிறது? நீங்கள் வாறியளோ?

மாமா: லான்ட்மாஸ்ரர் உழவு மிசின் பிடிக்கலாம்.

அண்ணா: லான்ட்மாஸ்ரர் கடலுக்குள்ளை வராது மாமா.

8:05
டிலானி: குறிகட்டுவானிலை நிக்கிறன். நயினாதீவுக்குப் போறவைதான் கன சனம். அம்மனுக்கும் போயினம், விகாரைக்கும் போயினம். எங்கடை படகிலை முதல் அரிசி மூட்டை, சோடாப் பெட்டி, ஒரு கட்டில், ரண்டு ஆடு. பிறகுதான் நாங்கள்.

அம்மா: வாடை தொடங்கீட்டுதோ? கடல் எப்பிடி?

டிலானி: கறுத்துக்கொண்டு கிடக்கு.

அம்மா: மேலை இருக்காதை. உள்ளுக்கை நடுவிலை இரு. லைஃப் ஜாக்கெட்டைக் கட்டு, மடியிலை வைச்சுக்கொண்டு இருக்காதை.

9:31
அம்மா: பிள்ளை, குளிசை இஞ்சை பிறிச்சுக்கு மேலை கிடக்கு.

அம்மா: பிள்ளை

அம்மா: எல்லாம் கிடக்கெண்டு சொன்னியே

10:02
டிலானி: இப்பதான் கவறேஜ் வந்தது. இறங்கீட்டன். ரண்டு பேர் சத்தி எடுத்தவை, நான் இல்லை. ஐயோ, குளிசைக்கு என்ன செய்யிறது?

அம்மா: பெரியம்மாவின்ரை கிளினிக் கொப்பியைக் கொண்டு அங்கத்தை ஆசுப்பத்திரியிலை கேட்கச் சொல்லு. குமுதினித் தூபியிலை மெழுகுதிரி ஒண்டு கொழுத்தினியோ?

டிலானி: கொழுத்தினன். மூண்டு தரம் அணைஞ்சிட்டுது. நாலாந்தரம் ஒரு ஐயா தன்ரை தொப்பியாலை காத்தை மறைச்சுப் பிடிச்சவர்.

மாமா: 1985 மே 15. நான் இஞ்சை வந்து ஆறு மாசம். குமுதினிப் படகிலை போன சனத்தை வெட்டிப்போட்டாங்கள் எண்டு மட்டும் கேள்விப்பட்டது. ஆர் ஆர் ஏறினவை எண்டு கடிதம் வரும் மட்டும் தெரியாது.

10:14
அண்ணா: மாமா, அங்கை இப்ப சாமம். நித்திரை இல்லையோ?

மாமா: இனிப்பு முடியேல்லை.

10:55
டிலானி: பெரியம்மா உழவாரத்தைத் தந்து என்னைச் சேமக்காலை வாசலிலை விட்டிட்டு ஜி.எஸ். (கிராமசேவகர்) கந்தோருக்குக் கடிதம் எடுக்கப் போட்டா. அதாலை ஆசுப்பத்திரி, அதாலை சாமியிட்டைப் பூசைக்குக் காசு குடுக்க. இஞ்சை எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. மழைக்குப் புல்லு முழங்கால் மட்டும் நிக்குது. மதில் ஒரு பக்கம் இடிஞ்சு கிடக்கு, அதுக்குள்ளாலை மாடோ குதிரையோ வந்து குருசுகளைத் தட்டி விழுத்தியிருக்கு. குதிரை ஒண்டு இப்பவும் வெளியிலை நிண்டு என்னையே பாக்குது. அப்பு எது?

[படம்]
[படம்]

மாமா: பொறு. 94இலை அனுப்பின செத்தவீட்டுப் படம் என்னட்டைக் கிடக்கு. மதிலோடை முதலாவது.

டிலானி: மதிலோடை முதலாவதிலை குருசு இல்லை மாமா.

மாமா: விழுந்திருக்கும். அதுதான். புல்லைச் செருக்கு.

அம்மா: அண்ணை, வடிவாத் தெரியுமோ? அக்கா வரட்டுமே.

மாமா: படத்தைக் கையிலை வைச்சுக்கொண்டுதான் சொல்லுறன்.

12:10
டிலானி: முடிஞ்சுது. நெருஞ்சி, நாயுருவி, ஒரு எருக்கலை. எருக்கலை வேர் வரமாட்டன் எண்டு நிண்டது, உள்ளங்கையிலை ரண்டு கொப்புளம். சுத்தி வைச்ச முருகைக்கல்லு எல்லாம் மண்ணுக்குள்ளை தாண்டு கிடந்தது. ஒவ்வொண்டாக் கிளப்பி மண்ணைத் தட்டித் திருப்பி வைச்சன். ஒரு கல்லு முழுக்கச் சின்னச் சின்னப் பூ, தேன்வதை மாதிரி. அதைத் தலைமாட்டிலை வைச்சிருக்கிறன். சுண்ணாம்பும் பூசி மாலையும் போட்டாச்சு.

[படம்]

சித்தி (லண்டன்): இப்பதான் எழும்பினன். அப்புவை இவ்வளவு வடிவாக் கண்டு எத்தினை வருசம். கண் கலங்குது குஞ்சு.

மாமா: அப்புவின்ரை ஆத்துமா இளைப்பாறட்டும். 🙏

அண்ணா: 🙏

12:31
டிலானி: பெரியம்மா வந்திட்டா.

டிலானி: பிழை

அம்மா: என்ன பிழை?

டிலானி: இது அப்பு இல்லையாம்.

சித்தி: ???

டிலானி: அப்புவும் அம்மம்மாவும் அடுத்தது. நான் செருக்கினது மேற்கு வளவுக் கிழவனையாம்.

அம்மா: ஐயோ கர்த்தரே

அண்ணா: 😂😂😂

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

டிலானி: முதல் நல்லா ஏசினவ. இப்ப மண்ணிலை இருந்து சிரிக்கிறா. மதிலைப் பிறகு தள்ளிக் கட்டினவையாம். அந்த இடைவெளியிலைதான் கிழவனை வைச்சதாம். அப்ப முதலாவது இப்ப ரண்டாவது.

அண்ணா: செத்தும் வந்து பக்கத்திலை படுத்திருக்கிறார். ஆரிந்தக் கிழவன்? எனக்குக் கதை வடிவாத் தெரியாது.

சித்தி: எங்கடை வளவுக்கும் அவையின்ரை வளவுக்கும் நடுவிலை கல்லு மதில். அவர் ஒரு முழம் எங்கடை பக்கம் தள்ளிக் கட்டிப்போட்டார் எண்டு அப்பு. அப்புதான் தள்ளினவர் எண்டு அவர். வழக்கு எத்தினை வருசம் இழுபட்டது. தவணைக்குத் தவணை ரண்டு பேரும் ஒரே படகிலைதான் போறது, ஒரே படகிலைதான் வாறது. வேறை படகு எங்கை கிடக்கு? ஒராள் அணியத்திலை, ஒராள் பின்னுக்கு.

அம்மா: வழக்குச் செலவுக்கு ரண்டு மாடு வித்தது.

மாமா: மூண்டு.

12:50
டிலானி: மாலையைக் கழட்டி அப்புவுக்குப் போடட்டோ எண்டு கேட்டன். பெரியம்மா கதைக்கப் போறாவாம், சொல்லச் சொல்ல எழுதுறன்.

டிலானி: "போட்ட மாலையைக் கழட்டப்படாது. மிச்சம் ரண்டு கிடக்கு, அப்புவுக்கு ஒண்டு, அம்மாவுக்கு ஒண்டு, கணக்குச் சரி. அவரின்ரை ஆக்கள் ஒருத்தரும் இஞ்சை இல்லை, மூத்தவன் பாரிசிலை. குருசு அந்தா புல்லுக்குள்ளை கிடக்கு, பிள்ளை நட்டு விடுவாள். தம்பி, நீ அந்தச் செத்தவீட்டுப் படத்தை ஒருக்கா வடிவாப் பார். பெட்டிக்குப் பின்னாலை, வெள்ளைச் சால்வை."

1:06
மாமா: பாத்தன்.

அண்ணா: ஆர் மாமா?

மாமா: அவர்தான்.

அம்மா: வந்தவர். மண் போட்டு முடியும் மட்டும் நிண்டவர். ஒருத்தரோடையும் ஒரு கதை இல்லை. அப்பிடியே போட்டார்.

சித்தி: எனக்கு இது தெரியாதே சின்னக்கா.

அம்மா: நீ அப்ப கொழும்பிலை. அண்ணைக்கு ஆர் சொல்லுறது?

2:40
டிலானி: அப்புவும் அம்மம்மாவும் முடிஞ்சுது. சுண்ணாம்பு காணாமல் தண்ணியைக் கூட்டித்தான் பூசினது. மூண்டிலையும் கிழவன்தான் நல்ல வெள்ளை.

அண்ணா: அப்ப வழக்கிலை வெண்டிட்டார்.

அண்ணா: இடையிலை எவ்வளவு கிடக்கெண்டு அளந்து பார்.

டிலானி: ஒரு முழம் வராது. உழவாரம் போட இடமில்லை, கையாலைதான் புடுங்கினது.

டிலானி: பெரியம்மா கிறனைற் வேண்டாமாம். அப்பு தன்ரை கையாலை கடற்கரையிலை பொறுக்கி வைச்சிருந்த முருகைக்கல்லாம் இது. கறுப்புக் கல்லு வெயிலுக்குக் கொதிச்சால் கை வைச்சுச் செபம் சொல்ல ஏலாதாம்.

மாமா: அது பிறகு பாப்பம். படத்தை இன்னொருக்கா எடு. குருசு தெரிய.

அம்மா: எந்தக் குருசு?

மாமா: எல்லாம்தான்.

சித்தி: அண்ணை, பாரிசிலை இருக்கிறவன் உங்களோடை படிச்சவன் எல்லே?

மாமா: ஒரே வகுப்பு. ஒரே வாங்கு.

சித்தி: நம்பர் கிடக்கோ?

மாமா: நான் ஒருத்தருக்கும் ஒண்டும் அனுப்பப் போறேல்லை. படம் மங்கலாக் கிடக்கு, அதுதான் கேட்டனான்.

[படம்]

அண்ணா: மாமா, விடிஞ்சிட்டுதே அங்கை.

மாமா: விடிய இன்னும் நேரம் கிடக்கு.

7:20
டிலானி: ஒரு கிழமைக்குக் குளிசை தந்திருக்கினம். ஜி.எஸ். கடிதம் எடுத்தாச்சு. ரியூப் குடுத்தாச்சு, அந்தப் பொடியன் மோர் கொண்டுவந்து தந்தவன். சித்திக்குப் புழுக்கொடியல் ரண்டு கிலோ கட்டி வைச்சிருக்கு. அண்ணாவுக்குத் திருக்கைக் கருவாடு, ஆனா பஸ்ஸிலை என்னை இறக்கி விடுவினம்.

அண்ணா: பாணுக்கு அடியிலை வை.

டிலானி: பாண் முடிஞ்சுது. காத்து நல்லா அடிக்குது. நாளைக்குப் படகு ஓடுமோ எண்டு இஞ்சை ஒருத்தரும் சொல்லுகினம் இல்லை.

நவம்பர் 2

காலை 8:12
டிலானி: பூசை முடிஞ்சு சாமி கல்லறை மந்திரிச்சவர். காத்துக்கு மெழுகுதிரி நிக்கேல்லை. பெரியம்மா சிரட்டை கொண்டு வந்தவ, அதுக்குள்ளை வைச்சு மண்ணிலை புதைச்சு எரிச்சம். அப்புவுக்கு ரண்டு, அம்மம்மாவுக்கு ரண்டு, கிழவனுக்கு ஒண்டு.

[படம்]

அம்மா: நல்லம். கெதியாத் துறைக்குப் போ. ஓடினால் உந்தப் படகுதான்.

8:25
மாமா: அவன் பதில் போட்டிருக்கிறான்.

சித்தி: ஆர்?

அண்ணா: ஒருத்தருக்கும் அனுப்பப் போறேல்லை எண்டியள்!

அம்மா: என்னவாம் அண்ணை?

மாமா: மதில் இப்ப ஆரின்ரை பக்கம் நிக்குதெண்டு கேக்கிறான்.

அண்ணா: 😂😂

டிலானி: பெரியம்மாட்டை வாசிச்சுக் காட்டினன். மதில் விழுந்து ரண்டு மாரியாம். ரண்டு வளவுக்காலும் மாடு போய் வருகுதெண்டு எழுதட்டாம்.

டிலானி: படகு வந்திட்டுது. ஏறுறன்.