கவுன்சலிங்குக்கு ஊரிலிருந்து போனவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொள்ளிடக்கரை

அக்கா மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நேற்று ராத்திரி அவளோடு கல்லூரிப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2009 ஜூலை ஞாபகம் வந்து, அப்புறம் தூக்கமே வரவில்லை.

அப்போது பொறியியல் சேர்க்கைக்கான கவுன்சலிங் நேரில்தான், கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில். அரியலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறினோம். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் இரண்டு பேருக்கும் அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம். என் கட் ஆஃப் 200க்கு 191, பள்ளியில் நான்தான் முதல். விடியற்காலை கோயம்பேட்டில் இறங்கியதும் ஒருவர் வந்து, "கவுன்சலிங்கா தம்பி?" என்று கேட்டு அப்பா கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். வழவழப்பான தாள். பெரிய கட்டடம், நீல நிறப் பஸ்கள், நூறு சதவீத வேலை. அப்பா அதை மடித்து, டி.டி. வைத்திருந்த அதே கவரில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஹாலில் என் பக்கத்தில் ஒரு சென்னைப் பெண். மடியில் ஒரு நோட்டு. கல்லூரி, பிரிவு, போன வருடம் எந்த வகுப்பினருக்கு எத்தனையில் முடிந்தது, எல்லாம் இரண்டு நிற மையில். நாற்பது வரிசை இருந்திருக்கும். திரையில் இடம் குறையக் குறைய ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். அவளுடைய அண்ணன் எழுதிக் கொடுத்ததாம். அவளுக்கும் கிட்டத்தட்ட என் மார்க்தான்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் கல்லூரி பெயரைக் கேட்டார். அப்பா நோட்டீஸை எடுத்து நீட்டினார். அவர் அதைப் பார்த்தார், என் கட் ஆஃபைப் பார்த்தார். "இந்த மார்க்குக்கு இதுவா? ரெண்டு அரசுக் கல்லூரியில மெக்கானிக்கல் இன்னும் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்தேன், படித்த பையன் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். பின்னால் அடுத்த ஆளை அழைத்துவிட்டார்கள். "இதுவே போதும் சார்" என்றார் அப்பா.

நான் சேர்ந்த வருடம் அந்தக் கல்லூரியில் ஆய்வகம் என்று சொல்ல ஒரே ஒரு அறை இருந்தது. நிலத்தை அடமானம் வைத்துத்தான் நான்கு வருடக் கட்டணமும் கட்டினோம்.

நிழற்சாலை_சென்னை

நடந்ததைப் படிக்கும்போது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். எல்லாருக்கும் ஒரே தரவரிசை, ஒரே ஹால், ஒரே திரை. சென்னை மாணவருக்கு ஒரு மார்க்கூட அதிகம் போடுவதில்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, யாராக இருந்தாலும் இருநூறுக்குத்தான் கணக்கு. என் வகுப்பில் 194 வாங்கியவர்கள் நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளியில் படித்தவர்களிடம் இடத்தை இழந்தார்கள். அங்கே பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தினார்கள். அதனால்தானே 2018ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது? ஊர், நகரம் என்று மட்டும் பிரித்தால் பாதிதான் தெரியும். நோட்டு எழுதிக்கொண்டு போனது அந்தப் பெண்ணின் உழைப்பு.

பழையபடி

நிழற்சாலை, ஒரே தரவரிசை என்கிறீர்கள். அந்த ஒரே தரவரிசை எப்படித் தயாரானது என்று எனக்குத் தெரியும். நான் 1999ல் எழுதியவன். அப்போது நுழைவுத்தேர்வு இருந்தது. 1984ல் ஆரம்பித்தது, 2007 சேர்க்கையிலிருந்துதான் இல்லாமல் போனது. மொத்தம் 300க்கு. பள்ளி மார்க்கிலிருந்து 200, நுழைவுத்தேர்வுக்கு 100.

சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊரில் பயிற்சி வகுப்பு என்று ஒன்று கிடையாது. மதுரைக்குப் போகவேண்டும், அதற்குப் பணமும் கிடையாது. தேர்வறையில்தான் வட்டத்தை நிரப்பும் விடைத்தாளை முதன்முதலாகப் பார்த்தேன். இருபது கேள்விக்குப் பதிலைப் பக்கத்தில் டிக் அடித்துவிட்டு, பிறகுதான் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், ஒரு ரப்பர் கொடுத்தார். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் தேய்ந்து மெலிந்ததுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பள்ளி மார்க்கில் 200க்கு 192. நுழைவுத்தேர்வில் 100க்கு 51.

தண்டையார்பேட்டை_மாணவி

நிழற்சாலைக்கு ஒன்று, மேலே எழுதியவர்களுக்கும் ஒன்று. நானும் சென்னைதான். அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். எங்கள் தெருவில் யாரும் எனக்கு நோட்டு எழுதிக் கொடுக்கவில்லை. கிண்டிக்கு வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம், ஆனால் அந்த வளாகத்துக்குள் எங்கள் வீட்டில் முதலில் கால் வைத்தது நான், அதுவும் 2016ல். சென்னை என்றால் எல்லாருடைய அண்ணனும் பொறியியல் படிக்கிறான் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. என் தம்பி நீட் எழுதினான். அவன் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதே தெருப் பிள்ளைகள், அதே சத்துணவு. ஆனால் மருத்துவச் சேர்க்கையின் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவன் வரமாட்டான், அது அரசுப் பள்ளிக்கு மட்டும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் "அக்கா, இதுல ஆமாம்னு போடலாமா?" என்று கேட்டான். இல்லை என்று நானேதான் அழுத்தினேன்.

அண்ணன்_திருவண்ணாமலை

7.5 பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். 2020, முதல் வருடம், நவம்பர். சென்னையில் நேரு உள்விளையாட்டரங்கில் கவுன்சலிங். தங்கை ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி. நாங்கள் கூப்பிடப்பட்டபோது அவள் வரிசைக்கு அரசுக் கல்லூரி தீர்ந்துவிட்டது. தனியாரில் எம்.பி.பி.எஸ். இருந்தது, வருடத்துக்கு ஏறக்குறைய 4 லட்சம். அப்பா இல்லை, நான் டைல்ஸ் வேலை. கட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். வாசலில் டீ வாங்கிக் கொடுத்தேன், அவள் குடிக்கவே இல்லை.

சில நாள் கழித்து, தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று அறிவிப்பு வந்தது. நான் சாரத்தின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தேன், போனில் யாரோ படித்துக் காட்டினார்கள். அவள் இப்போது நர்சிங் முடித்துவிட்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள். அந்தப் பேச்சை மட்டும் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

கணக்கு_டீச்சர்

நான் தர்மபுரி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. என் அனுபவம் சின்னதுதான். 2018ல் எல்லாம் ஆன்லைன் ஆனது, இனி சென்னைக்கு அலையவேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன். அந்த வருடமே என் மாணவன் ஒருவன் 178 வைத்துக்கொண்டு கேள்விப்படாத ஒரு கல்லூரியில் போய் விழுந்தான். விசாரித்தால், பிரவுசிங் சென்டரில் இருந்தவரே விருப்பப் பட்டியலை நிரப்பியிருக்கிறார். ஓ.டி.பி. அவருடைய போனுக்கே போயிருக்கிறது. ஆள் சேர்த்து விட்டால் அவருக்குக் காசு.

அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். போன் எண்ணும் மின்னஞ்சலும் வீட்டிலுள்ள ஒருவருடையதாக இருக்கட்டும். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள். வீட்டில் இணையம் இல்லையென்றால் டி.எஃப்.சி. என்கிற உதவி மையத்துக்குப் போங்கள், அங்கே நிரப்பித் தருவார்கள், பணம் கேட்கமாட்டார்கள். கல்லூரியைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் நாலு கல்லூரி இருக்கும், ஊர் வேறு, தரம் வேறு. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் பட்டியலில் போடலாம், நம் பிள்ளைகள் பத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள், எது வேண்டுமோ அது மேலே வரட்டும். மேலே இருப்பது கிடைக்காவிட்டால் கீழே இருப்பதை அது தானாகப் பார்க்கும், ஒன்றும் நஷ்டமில்லை. போன வருடம் எது எத்தனையில் முடிந்தது என்பது இப்போது இணையத்திலேயே இருக்கிறது. கொள்ளிடக்கரை சொன்ன அந்த நோட்டு அதுதான், ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுதுங்கள். உத்தேச ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்யவேண்டும், மறந்தால் இடம் போய்விடும். "ஏற்றுக்கொள்கிறேன், மேலே கிடைத்தாலும் வேண்டும்" என்று ஒரு வழி இருக்கிறது, பயந்துகொண்டு அதை விட்டுவிடாதீர்கள். குடும்பத்தில் அண்ணன் அக்கா உட்பட யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. கடைசி வாரத்தில் தாசில்தார் அலுவலகத்தில் கூட்டம் தாங்காது.

நிழற்சாலை_சென்னை

தண்டையார்பேட்டை, நீங்கள் சொன்னது சரி. என் தெருவை வைத்துச் சென்னையைச் சொல்லிவிட்டேன். பழையபடி எழுதியதைப் படித்த பிறகு, "ஒரே ஹால்" என்று எழுதியதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னுடைய பட்டியலை அப்பாவின் அலுவலக நண்பர் போட்டுக் கொடுத்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதை என் உழைப்பு என்று இதுவரை நினைத்திருந்தேன்.

நாமக்கல் விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்.

பழையபடி

நாமக்கல் பள்ளிகளில் சேர்ந்தது யார் என்று பாருங்கள் தம்பி. அந்தக் கட்டணத்தை எங்கள் ஊரில் யாரும் கட்டவில்லை.

கொள்ளிடக்கரை

டீச்சர், நன்றி. நீங்கள் எழுதியதை அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள். விண்ணப்பத்தை ஜெயங்கொண்டத்தில் ஒரு சென்டரில்தான் போட்டார்களாம், எந்த போன் எண் கொடுத்தார்கள் என்று அவளுக்கும் ஞாபகமில்லை, பாப்பாவுக்கும் ஞாபகமில்லை. காலையில் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் உதவி மையத்துக்குப் போகிறோம். எண்ணை அங்கேயே மாற்றித் தருவார்களா, அதற்கு என்னென்ன எடுத்துப் போகவேண்டும் என்று தெரிந்தால் ராத்திரிக்குள் எழுதுங்கள்.