ஸ்டியரிங் இறுகிப் போச்சு: கேபிள் மட்டும் மாத்துறதோ, ஹைட்ராலிக் போடுறதோ?

சிம்கோ தூண்டில்
வணக்கம் எல்லாருக்கும். என்னட்ட 1996ஆம் ஆண்டு 17 அடி பைபர் போட் ஒண்டு இருக்கு, 90 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட், மூண்டு வருசத்துக்கு முன்னம் பழசா வாங்கினது, இங்க கனடாவில சிம்கோ ஏரியில மீன் பிடிக்கத்தான் கொண்டு போறனான். போன ஒக்டோபர் தண்ணியால ஏத்தேக்கயே ஸ்டியரிங் கொஞ்சம் பாரமா இருந்தது, குளிருக்காக்கும் எண்டு நினைச்சு அப்பிடியே மூடிக் கட்டிப்போட்டன். போன கிழமை மூடியைக் கழட்டிப் பாத்தால் வீல் அசையவே இல்லை, ரெண்டு கையாலயும் தொங்கிப் பாத்தன், டாஷ்போட்தான் நெளியுது. பக்கத்துக் கடையில கேட்டால் இது பழசு, எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால திருப்புறது) போடுங்கோ எண்டு ஒரு விலை சொன்னாங்கள், போட் வாங்கின காசில அரைவாசி. மே மாசத்து விக்டோரியா டே லீவுக்கு முதல் இறக்கோணும், பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். என்ன வாங்கலாம், ஆராவது மாத்தின ஆக்கள் இருக்கிறியளோ?

பழைய அவுட்போர்ட்
தம்பி ஒண்டும் வாங்காதேங்கோ இப்ப. முதல்ல எது இறுகினது எண்டு பாருங்கோ, மூண்டு இடம் இருக்கு. ஸ்டியரிங் கேபிள் நுனியில இருந்து எஞ்சினில வந்து பூட்டுற லிங்க் கம்பி இருக்கெல்லே, அதை மட்டும் கழட்டிப்போட்டு எஞ்சினைக் கையால இடது வலது தள்ளிப் பாருங்கோ. எஞ்சினே அசையாட்டி கோளாறு எஞ்சினுக்குள்ள, சுழலுற தண்டில கிறீஸ் காய்ஞ்சிருக்கும், புது ஸ்டியரிங் போட்டும் பிரயோசனம் இல்லை. எஞ்சின் லேசா அசையுது, வீல் மட்டும் இறுக்கம் எண்டால் கேபிள், இல்லாட்டி கேபிள் நுனிக் கம்பி டில்ட் டியூப்புக்குள்ள, அதுதான் எஞ்சின் பிறக்கெட்டில குறுக்கா இருக்கிற குழாய்க்குள்ள, பிடிச்சுப் போச்சு. பத்துக்கு எட்டு அந்தக் கடைசிதான். லிங்க் கம்பியைத் திருப்பிப் பூட்டேக்க பழைய நட்டைப் போடாதேங்கோ, உள்ளுக்கு நைலோன் வளையம் உள்ள நட் அது, புதுசு சில்லறைக் காசுதான்.

விவிடி பொடியன்
ஊரில எங்கட போட்டுக்கு வீலும் இல்லை கேபிளும் இல்லை, எஞ்சின் கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு எங்கயும் போட்டு வருவம் 😄 ஆனா நான் இங்க என்ர 150 குதிரைவலு எஞ்சினுக்குக் கேபிளைக் கழட்டி ஹைட்ராலிக் போட்டனான், ஒரு விரலால திருப்பலாம், ஹைட்ராலிக்கே போடுங்கோ அண்ணை.

பழைய அவுட்போர்ட்
150க்குச் சரி. 90க்கு ஏன்? எண்ணெய் ஊத்தி காத்து எடுக்கோணும், சீல் ஒழுகினால் அதுக்கு வேற பாக்கோணும், விலை கேபிளை விட மூண்டு நாலு மடங்கு. மற்றது கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டினம், எஞ்சினுக்கு முன்னால பூட்டுற ஹைட்ராலிக் சிலிண்டருக்கும் தாங்கு கம்பி அதே டில்ட் டியூப்புக்குள்ளாலதான் போகும், அப்ப எதைப் போட்டாலும் பிடிச்ச கம்பியை எடுத்தே ஆகோணும்.

சிம்கோ தூண்டில்
கழட்டிப் பாத்தன். எஞ்சின் கதவு மாதிரி லேசா அசையுது. டில்ட் டியூப் வாயில பழுப்பு நிறத்தில மெழுகு மாதிரி காய்ஞ்ச கிறீஸ், நகத்தால சுரண்டினால் செதிலாக் கழருது. அப்ப கேபிள்தான் எண்டு எடுக்கலாமோ? ஹெல்மில (வீலுக்குப் பின்னால இருக்கிற கியர்ப் பெட்டியில) பேர் அழிஞ்சு போச்சு, படம் போட்டிருக்கிறன்.

பழைய அவுட்போர்ட்
ஓம் கேபிள்தான். சும்மா கழுவி எண்ணெய் விட்டுப் பாக்கலாம் எண்டு ஆராவது சொன்னால் கேளாதேங்கோ, உறைக்குள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சால் அதுக்குள்ள கிறீஸ் ஏத்த வழியில்லை. படத்தில இருக்கிறது வட்டமான ரோட்டரி ஹெல்ம், நீட்டுப் பல்லுச் சட்டம் உள்ள றாக் இல்லை, நல்லது. அந்தக் காலத்துப் போட்டுகளில கனக்க டெலிஃப்ளெக்ஸ்தான், கடையில அந்தப் பேரைக் கேட்டு இல்லை எண்டால் பயப்பிடாதேங்கோ, 2011இல் ஸீஸ்டார் எண்டு பேர் மாறி 2017இல் டொமெட்டிக் வாங்கிட்டினம், சாமான் வருது. ஆனா ஒரு கம்பனி ஹெல்முக்கு இன்னொரு கம்பனி கேபிள் கொழுவும் எண்டு நம்பி வாங்கவேண்டாம்.

உங்கட இடத்தில நான் எண்டால் ஹெல்மும் கேபிளும் சேர்ந்த பெட்டியா வாங்குவன், அதிலயும் நோ ஃபீட்பேக் எண்டு வாறது. கையை விட்டாலும் புறொப்பெல்லர் இழுவைக்கு வீல் தானாத் திரும்பாது. போட்டில ஒட்டியிருக்கிற தகட்டில எவ்வளவு குதிரைவலு மட்டும் போடலாம் எண்டு இருக்கும், உங்கட எஞ்சின் 90 எண்டாலும் தகடு 115 எண்டு சொன்னால் 115க்குப் பொருந்தினதைத்தான் எடுக்கோணும்.

சிம்கோ தூண்டில்
தகடு 115தான்! கேபிள் நீளம் எப்பிடிப் பாக்கிறது, உறையில இலக்கம் ஒண்டும் தெரியேல்லை. பிளாஸ்டிக் உறையை மட்டும் அளந்தன், 12 அடி 1 அங்குலம்.

பழைய அவுட்போர்ட்
ரோட்டரிக்கு உறை நீளத்தோட 18 அங்குலம் கூட்டுங்கோ, றாக் எண்டால் 30. உங்களுக்கு 13 அடி 7 அங்குலம் வருது, அடுத்த முழு அடிக்கு ஏத்தினால் 14. கேபிள் அடிக்கணக்கிலதான் விப்பினம். 13 காணும் எண்டு எடுத்துப்போட்டு இழுத்துப் பூட்டினால் வளைவு இறுகி ரெண்டு வருசத்தில திரும்ப இதே கதை.

ஷார்ஜா மெக்கானிக்
நடுவுல வர்றேன், மன்னிச்சுக்கங்க. டியூப்ல சிக்கின அந்த கேபிள் நுனி ராடு எடுக்கும்போது நேரா சுத்தியலால அடிக்காதீங்க சார், நுனி பூ மாதிரி விரிஞ்சிடும், அப்புறம் குழாய் வழியா வெளிய வரவே வராது. எண்ணெய் அடிச்சு ரெண்டு நாள் ஊறவிட்டு ஒரு பித்தளைத் துண்டு வச்சு அடிங்க. டார்ச் வச்சு சூடு பண்றவங்க இருக்காங்க, பக்கத்துலயே பெட்ரோல் ஹோஸ் ஓடுதுங்கிறத மறந்துடுவாங்க, நமக்கு அது வேணாம், ஹீட் கன் போதும், அதுவும் டேங்க்கை எடுத்து தூர வச்சிட்டு. வீல் ஷாஃப்ட்டுல சிக்கிருந்தா புல்லர் போட்டு எடுங்க. புதுசு போட்டப்புறம் நிப்பிள்ல கிரீஸ் அடிக்கறப்ப ராடு முழுசா உள்ள இழுத்திருக்கணும், வெளிய நீட்டிருக்கும்போது அடிச்சா உள்ள கிரீஸ் அடைச்சுக்கிட்டு ஸ்டியரிங்கே லாக் ஆயிடும், புதுசு போட்டும் டைட்டுன்னு வர்ற போட்ல பாதி இப்படித்தான்.

சிம்கோ தூண்டில்
எல்லாருக்கும் பெரிய நன்றி. 14 அடி நோ ஃபீட்பேக் பெட்டி வந்தது, வேலை முடிஞ்சுது, ஆனா கம்பி எடுக்கத்தான் மூண்டு பின்னேரம் போச்சு. பித்தளைத் துண்டுக்கு எங்க போறது, பழைய தண்ணிக் குழாய் மூட்டு ஒண்டு கிடந்தது, அதை வைச்சு அடிச்சன். மூண்டாம் நாள் "டிக்" எண்டு ஒரு சத்தம், கால் அங்குலம் நகந்தது, பிறகு சுழட்டிச் சுழட்டி இழுக்க வந்திட்டுது. குழாய்க்குள்ள கம்பிப் பிரஷ் விட்டு எடுத்த ஊத்தை ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறைய இருக்கும், மனிசி பாத்திட்டு உதை வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்கோ எண்டா. டாஷில பழைய ஓட்டையை மட்டும் கொஞ்சம் அராவ வேண்டி வந்தது. இப்ப வீல் காரை விட லேசு.

பழைய அவுட்போர்ட்
சந்தோசம். வீலை வலப்பக்கம் திருப்ப எஞ்சினும் சரியான பக்கம் போகுதோ பாத்தனீங்களோ? எஞ்சினை முழுக்க மேல தூக்கி வைச்சுக்கொண்டும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் திருப்பிப் பாக்கோணும், கேபிள் எங்கயாவது நசியுதோ எண்டு.

சிம்கோ தூண்டில்
பக்கம் சரி அண்ணை. தூக்கிப் பாக்கேல்லை, இப்பதான் போய்ப் பாத்திட்டு வாறன்... இடதுபக்கம் முழுக்கத் திருப்பேக்க கேபிள் பற்றரிப் பெட்டி மூலையில போய் இடிக்குது. நாளைக்குப் பெட்டியை ஒரு சாண் தள்ளி வைக்கோணும், வயர் எட்டுமோ தெரியேல்லை.