மறு: 'ரிசெம்பிள்' வகை வினைக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

முதலாண்டுக் கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கில இலக்கணக் கையேட்டைத் தமிழ் விளக்கத்தோடு எழுதி வருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ரிசெம்பிள்' (ஒத்திரு) என்ற வினையில் வந்து நிற்கிறேன். மாணவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள்: 'ஷீ ரிசெம்பிள்ஸ் டு ஹெர் மதர்', 'ஷீ இஸ் ரிசெம்பிளிங் ஹெர் மதர்'.

முதலாவதைத் திருத்தத் தமிழே போதும். 'தாயை ஒத்திருக்கிறாள்' என்று இரண்டாம் வேற்றுமையில்தானே சொல்கிறோம்? அந்த 'ஐ' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'டு'வும் வேண்டாம், 'வித்'தும் வேண்டாம். 'ஷீ ரிசெம்பிள்ஸ் ஹெர் மதர்', அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் சிக்கல். செயலைச் சொல்லாமல் நிலையைச் சொல்லும் வினை இது. பொதுவாக 'இங்' ஏற்காது. நோ (தெரிந்திரு), பிலாங் (சொந்தமாயிரு), கன்டெய்ன் (உள்ளடக்கு) எல்லாம் இதே இனம். ஆங்கிலத்தில் 'ஸ்டேட்டிவ் வெர்ப்' என்கிறார்கள். பாடத்தலைப்புக்கு இப்போதைக்கு 'நிலைவினை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

– ஆங்கில ஆசிரியை, திண்டுக்கல்

* * *

அம்மா, வணக்கம்.

புதுச்சொல் எதற்கு? 'குறிப்பு வினை' நம்மிடமே இருக்கிறது. 'நல்லன்', 'கரியன்' என்பவை காலத்தை வெளிப்படையாகக் காட்டாமல் தன்மையை மட்டும் சொல்கின்றனவே.

'ஒ' என்ற வேரையும் இங்கே பார்க்க வேண்டும். 'மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்டது இல்' என்ற 1071ஆம் குறளில் போல்வர், அன்ன, ஒப்பாரி என ஒப்புமைச் சொற்கள் மூன்று இருக்கின்றன. ஒப்பாரி என்றால் அங்கே ஒப்புமை. அழுகைப் பாட்டு அல்ல. ஒப்பனை, ஒத்திகை, ஒப்புரவு, ஒப்பந்தம், நாகசுரத்துக்கு ஒரே சுருதியில் துணை ஊதும் 'ஒத்து' எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை என்றே நான் கொள்கிறேன். இத்தனை சொல்வளம் இருக்கும்போது ஆங்கிலப் பெயரைப் பார்த்து எழுத வேண்டிய தேவை இல்லை.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

* * *

> 'குறிப்பு வினை' நம்மிடமே இருக்கிறது.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒத்தது, ஒக்கிறது, ஒக்கும் என்று மூன்று காலமும் காட்டுகிற வினை எப்படிக் குறிப்பாகும்? காலத்தை வெளிப்படையாகக் காட்டுவதால் அது தெரிநிலை வினைதான். ஆங்கிலத்திலும் 'ரிசெம்பிள்ட்' என்று இறந்தகாலம் உண்டு. பள்ளியில் குறிப்பு வினையைப் படித்த பையன் கல்லூரியில் அதே பெயரை வேறு பொருளில் பார்த்தால் இரண்டையும் குழப்பிக்கொள்வான்.

அக்கா, 'நிலைவினை'யிலும் ஒரு இடறல் இருக்கிறது. 'தெரிநிலை வினை'யின் சுருக்கம் போலத் தோன்றும். 'தன்மைவினை' என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வந்தேன், வந்தோம் எல்லாம் தன்மை வினைமுற்று. அதைத் தொட வேண்டாம்.

பெயரைவிடப் பிழையின் காரணத்தை முதலில் பார்ப்போம். 'சாப்பிடுகிறாள்' என்பது தினமும் சாப்பிடுவதற்கும் பொருந்தும், இந்த நிமிடம் சாப்பிடுவதற்கும் பொருந்தும். 'ஒத்திருக்கிறாள்' என்பதிலோ 'இருக்கிறாள்' வெளிப்படையாகவே நிற்கிறது. மாணவர் அதற்கு ஈடாக 'இஸ்' போடுகிறார். 'இஸ்' வந்ததும் 'இங்' தானாக ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே ஒரு சோதனை கொடுங்கள்: வினையோடு 'கொண்டிரு' சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்' சரியாக வருகிறது. 'தாயை ஒத்துக்கொண்டிருக்கிறாள்' வரவில்லை; ஒத்துக்கொள்வது என்றால் சம்மதிப்பது. 'இந்த வீடு எனக்குச் சொந்தமாக இருந்துகொண்டிருக்கிறது' என்று யாரும் பேசுவதில்லை, 'பிலாங்'கும் அப்படித்தான். தொடர்ச்சியை ஏற்காததால் 'தொடராவினை' என்பது என் பரிந்துரை.

– மொழிபெயர்ப்பாளர், கோவை

* * *

சோதனை மிக நன்று, பெயர் பொருந்தவில்லை. தாயை ஒத்திருப்பது வாழ்நாள் முழுக்கத் தொடர்வது. அதைத் 'தொடரா' என்றால் மாணவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

பேச்சு ஒப்புமையில் இருப்பதால் 'கம்பேர்' பற்றியும் சொல்லிவிடுகிறேன், கையேட்டுக்கு உதவும். 'கம்பேர் டு' என்பது பெரும்பாலும் வேறு இனத்துப் பொருளோடு ஒற்றுமை காட்டுவது: முகத்தை நிலவுக்கு உவமித்தல். 'கம்பேர் வித்' இரண்டை அருகருகே வைத்து ஆராய்வது: இந்த ஆண்டு மழையைச் சென்ற ஆண்டு மழையோடு ஒப்பிடுதல். 'கு' வந்தால் 'டு', 'ஓடு' வந்தால் 'வித்' என்று சொல்லிக்கொடுத்தால் மனத்தில் நிற்கும். தொல்காப்பியம் உவமை பற்றி 'உயர்ந்ததன் மேற்றே உள்ளுங் காலை' என்கிறது; உவமையாக வரும் பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது பொருள். அது 'டு'வின் பக்கம்தான்.

– மென்பொருள் தமிழாக்கக்காரர், சென்னை

* * *

அனைவருக்கும் நன்றி. 'கொண்டிரு' சோதனை அப்படியே பாடத்தில் ஏறுகிறது, கம்பேர் பகுதியும் தனிப் பெட்டியாக வருகிறது. தலைப்பு 'நிலைவினை'தான். நான்கு பேரிடம் படித்துக் காட்டினேன். கேட்டவுடன் புரிந்த பெயர் அது ஒன்றுதான். தெரிநிலையோடு குழம்பக்கூடாது என்று அடிக்குறிப்பு போடுகிறேன்.

ஒரு விலக்கையும் சேர்க்கிறேன். மாற்றத்தைச் சொல்லும்போது 'ஹி இஸ் ரிசெம்பிளிங் ஹிஸ் ஃபாதர் மோர் அண்ட் மோர்' ஆங்கிலத்தில் வரும். நாமும் அங்கே 'ஒத்திரு'வை விட்டுவிட்டு 'நாளுக்கு நாள் அப்பாவைப் போல ஆகிக்கொண்டிருக்கிறான்' என்கிறோம். 'ஆகு' வந்தால் 'கொண்டிரு' வரும்; சோதனை இங்கும் பலிக்கிறது.

– திண்டுக்கல்

* * *

அம்மா, அச்சுக்குப் போகட்டும். ஆனால் என் மாற்றுக் கருத்து குழுவின் பதிவில் இருக்க வேண்டும்.

குறிப்பு வினை பொருந்தாது என்று கோவைத் தம்பி காட்டியது சரி. அப்புறம் தொல்காப்பியத்தில் வினைச்சொற்களைப் பற்றிய வினையியலைத் திரும்பப் புரட்டினேன். 'முந்நிலைக் காலமும் தோன்றும் இயற்கை எம்முறைச் சொல்லும் நிகழுங் காலத்து மெய்ந்நிலைப் பொதுச்சொல் கிளத்தல் வேண்டும்' என்கிறது தொல்காப்பியம். உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு 'மலை நிற்கும்'. மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். அதை நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்பது விதி. 'ஷீ ரிசெம்பிள்ஸ் ஹெர் மதர்' என்பதிலும் இதேதான் நடக்கிறது.

ஆகவே 'மெய்ந்நிலைவினை'. உங்கள் 'நிலை' அதற்குள்ளேயே இருக்கிறது, தெரிநிலையோடும் குழம்பாது. நீளம் என்பீர்கள். 'செயப்படுபொருள் குன்றாவினை'யை எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த எனக்கு இது நீளமாகத் தெரியவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடியும் எழுதுவேன்.

– தஞ்சாவூர்