புதுப்பிப்பு: இடது பக்க பேட்டிங் எப்படிப் போகிறது?

வலது கைப் பையனுக்கு பேஸ்பாலில் இடது பக்கமும் அடிக்கப் பழக்கலாமா என்று கேட்டிருந்தேனே, ஆரம்பித்தாயிற்று.

இடது பக்கம் நின்றால் பலமான வலது கை கீழே வந்து பேட்டை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மேலே பிடிக்கும் இடது கை சும்மா ஒட்டிக்கொண்டு வருகிறது. அடித்ததெல்லாம் தரையில்தான் உருண்டது. அதனால் டீயில் (பந்தை அசையாமல் நிறுத்தி வைக்கும் கம்பத்தில்) பந்தை வைத்து, சின்ன பேட்டால், இடது கையால் மட்டும் அடிக்கவிட்டேன். இப்போது பந்து நேராகப் பறக்கிறது, அவ்வப்போது.

வலது கை பிட்சர் (பந்து எறிபவர்) போடும் கர்வ் பால், அதாவது வளைந்து வரும் பந்து, விலகிப் போகாமல் தன் பக்கமாக வளைந்து வருவதைப் பார்த்ததும் அவனுக்கே ஆசை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் அடித்த அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டிலுக்கு அப்பாவும் தாத்தாவும் ஆளுக்கொரு கையால் பந்து போட்டுப் பழக்கினார்கள். இங்கே நான் ஒருத்தன்தான். என் இடது கை வீச்சைப் பற்றிக் கேட்காதீர்கள்.

வலது பக்கப் பயிற்சியைக் குறைக்கவில்லை. மேட்சில் இடது பக்கம் அடுத்த சீசனில்தான்.